முதல் நிரூபணத்தை எழுதுவது எப்படி? கூற்றை வாசிப்பதிலிருந்து தொடங்கும் ஒரு வழிகாட்டி

பள்ளிக் கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கியவர்கள்கூடக் கல்லூரியின் முதல் பருவத்தில் 'நிறுவுக' என்று தொடங்கும் கேள்வியைக் கண்டதும் பேனாவைக் கீழே வைத்துவிடுவது உண்டு. அவர்களுக்குக் கணக்கு வராமல் போய்விட்டது என்று பொருள் இல்லை. அதுவரை கேள்வித்தாள் விடையைக் கேட்டது. இப்போது விடையை அதுவே சொல்லிவிட்டு, அது ஏன் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று கேட்கிறது. இந்த மாற்றத்துக்கு யாரும் நம்மைப் பழக்குவதில்லை. நான் பார்த்தவரை, தொடக்கத்தில் வரும் தடுமாற்றங்களில் பெரும்பகுதி சூத்திரம் தெரியாததால் வருவதில்லை. கொடுத்த கூற்று உண்மையில் என்ன சொல்கிறது என்பதை நிதானமாக வாசிக்காததால் வருகிறது. ஆகவே இந்த வழிகாட்டி வாசிப்பில் தொடங்கி, ஒரு முழு நிரூபணத்தை எழுதி முடிப்பது வரை செல்கிறது. இரட்டைப்படை எண், ஒற்றைப்படை எண், பகா எண் ஆகியவை என்னவென்று தெரிந்திருந்தால் போதும். உங்கள் பாடநூலில் மாறிகள் ஆங்கில எழுத்துகளில் இருக்கும். இங்கே தமிழ் எழுத்துகளையே வைத்திருக்கிறேன்.

முதல் படி: இது கூற்றுதானா?

உண்மை அல்லது பொய் என்ற இரண்டில் ஒன்றாக மட்டும் இருக்கக்கூடிய வாக்கியமே கூற்று. '7 ஒரு பகா எண்' என்பது மெய்யான கூற்று. '9 ஒரு பகா எண்' என்பது பொய்யான கூற்று, ஆனாலும் கூற்றுதான். 'ந ஒரு பகா எண்' என்பதோ, ந எது என்று சொல்லும்வரை கூற்று ஆகாது. உண்மையா பொய்யா என்று நமக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. 2ஐவிடப் பெரிய ஒவ்வொரு இரட்டைப்படை எண்ணையும் இரண்டு பகா எண்களின் கூடுதலாக எழுதலாம் என்று 1742இல் எழுந்த கோல்ட்பாக் ஊகம் இன்றுவரை நிறுவப்படவும் இல்லை, முறியடிக்கப்படவும் இல்லை. அதுவும் குறையில்லாத கூற்றே.

இரண்டாம் படி: 'எனில்' என்ற சொல்லைப் பிரித்துப் பார்த்தல்

கணிதத்தில் அதிகம் வரும் கூற்றுகள் 'இது எனில் அது' என்ற அச்சில் இருக்கும். இதைப் புரிந்துகொள்ளப் பழைய இந்தியத் தருக்க நூல்கள் சலிக்காமல் எடுத்தாளும் புகையையும் நெருப்பையும்விடப் பொருத்தமான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. மலையில் புகை தெரிகிறது. புகை உள்ள இடத்தில் நெருப்பு உண்டு, அடுக்களையைப் போல. ஆகவே மலையில் நெருப்பு உண்டு. மணிமேகலையில் அறவண அடிகள் அளவை கற்பிக்கும் இடத்திலும் இதே மலையும் அடுக்களையும்தான் வருகின்றன.

'புகை உண்டு எனில் நெருப்பு உண்டு' என்ற கூற்றிலிருந்து இரண்டு வேறு கூற்றுகளைச் செய்து பாருங்கள். இரு பகுதிகளையும் இடம் மாற்றினால் 'நெருப்பு உண்டு எனில் புகை உண்டு' என்று வரும். இதற்கு மறுதலை என்று பெயர். பழுக்கக் காய்ச்சிய இரும்புத் துண்டில் நெருப்பு உண்டு, புகை இல்லை என்று அந்தத் தருக்க நூலார்களே காட்டியிருக்கிறார்கள். மூலக் கூற்று மெய்யாக இருப்பதால் மட்டும் மறுதலை மெய்யாகிவிடாது. அதைத் தனியே நிறுவ வேண்டும். மற்றொன்று, இரு பகுதிகளையும் மறுத்துவிட்டு இடம் மாற்றுவது: 'நெருப்பு இல்லை எனில் புகை இல்லை'. நெருப்பில்லாமல் புகையாது என்று நாம் ஊர்வம்பு பேசும்போதெல்லாம் சொல்வது இதைத்தான். இது மூலக் கூற்றுக்கு எல்லா வகையிலும் சமம். ஒன்று மெய்யென்றால் மற்றதும் மெய். இதன் கலைச்சொல் நூலுக்கு நூல் வேறுபடுவதால், இங்கே 'மறுத்துத் திருப்பியது' என்றே குறிப்பிடுகிறேன். ஐந்தாம் படியில் இது நமக்குத் தேவைப்படும்.

'எனில்' கூற்று எப்போது பொய்யாகிறது என்பதையும் இங்கேயே தீர்த்துக்கொள்வது நல்லது. 'நீ 400 மதிப்பெண் எடுத்தால் சைக்கிள் வாங்கித் தருகிறேன்' என்று அப்பா சொல்கிறார். பையன் 400 எடுத்தும் சைக்கிள் வரவில்லை என்றால் மட்டுமே அவர் சொல் தவறினார். பையன் 350 எடுத்த பிறகும் மனமிரங்கி வாங்கிக் கொடுத்தால், அவர் சொன்னது பொய்யாகிவிடவில்லை. 400 எடுக்காவிட்டால் என்ன ஆகும் என்பதைப் பற்றி அவர் எதுவுமே சொல்லவில்லை. வீட்டில் பேசும்போது 'எடுக்காவிட்டால் கிடையாது' என்பதையும் சேர்த்தே நாம் கேட்டுக்கொள்கிறோம். கணிதத்தில் அப்படிச் சேர்த்துக் கேட்கக்கூடாது.

புரிந்துவிட்டது என்று தோன்றினால் ஒரு சோதனை. மேசையில் நான்கு அட்டைகள். ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் எழுத்து, மறுபக்கம் எண். நமக்குத் தெரியும் பக்கங்களில் ஈ, த, 4, 7 என்று இருக்கின்றன. 'ஒரு பக்கம் உயிரெழுத்து எனில் மறுபக்கம் இரட்டைப்படை எண்' என்ற விதி இந்த நான்கு அட்டைகளிலும் மீறப்படவில்லை என்று உறுதிசெய்ய எந்தெந்த அட்டைகளைத் திருப்பியே ஆக வேண்டும்? இவ்வகைச் சோதனையை உளவியலாளர் பீட்டர் வேசன் 1966இல் வெளியிட்டார். படித்தவர்களிலும் பெரும்பாலோர் இதில் தவறினார்கள். பலரும் ஈ, 4 என்று சொல்வார்கள். 4இன் பின்னால் மெய்யெழுத்து இருந்தாலும் விதிக்குக் கேடில்லை, ஆகவே அதைத் திருப்பத் தேவையில்லை. திருப்ப வேண்டியவை ஈயும் 7உம். 7இன் பின்னால் உயிரெழுத்து இருந்தால் விதி உடைந்துபோகும். 4ஐத் திருப்பச் சொன்னவர் மறுதலையைச் சோதித்திருக்கிறார். 7ஐத் திருப்பியவர் மறுத்துத் திருப்பியதைச் சோதித்திருக்கிறார்.

மூன்றாம் படி: 'எல்லா'வும் 'ஏதோ ஒன்று'ம்

நம் மொழியில் கணிதம் படிப்பவர்கள் கூடுதல் கவனம் கொள்ள வேண்டிய இடம் இது. 'எல்லா ஒற்றைப்படை எண்களும் பகா எண்கள் அல்ல' என்ற வாக்கியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இதை 'ஒற்றைப்படை எண்களில் ஒன்றுகூடப் பகா எண் அன்று' என்று வாசித்தால் பொய். 3, 5, 7 கண்முன்னே நிற்கின்றன. 'ஒற்றைப்படை எண்கள் அனைத்துமே பகா எண்களாக இருந்துவிடுவதில்லை' என்று வாசித்தால் மெய்; 9 சாட்சி. எழுதியவர் எதை நினைத்தார் என்பதை வாக்கியம் காட்டிக் கொடுக்கவில்லை. பேச்சில் குரலின் ஏற்ற இறக்கம் காப்பாற்றிவிடும், விடைத்தாளில் காப்பாற்றாது.

இதற்கு நான் பின்பற்றும் வழி ஒன்று உண்டு. 'எல்லா' என்று தொடங்கும் வாக்கியத்தை 'அல்ல', 'இல்லை' என்று முடிப்பதைத் தவிர்த்துவிட வேண்டும். சொல்ல வந்தது முதல் பொருளானால் 'எந்த ஒற்றைப்படை எண்ணும் பகா எண் அன்று' என்று எழுதலாம். இரண்டாம் பொருளானால் 'பகா எண்ணாக இல்லாத ஒற்றைப்படை எண் ஒன்றாவது உண்டு' என்று எழுதலாம். இதிலிருந்தே மறுப்பு எழுதும் விதியும் கிடைக்கிறது. 'எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்' என்பதன் மறுப்பு 'எதற்கும் பொருந்தாது' என்பதன்று. 'பொருந்தாத ஒன்று உண்டு' என்பதே அதன் மறுப்பு. 'இப்படி ஒன்று உண்டு' என்பதன் மறுப்பு 'எதுவும் இப்படி இல்லை' என்பது.

'ஒரு' என்ற சொல்லும் இரண்டு வேலை பார்க்கிறது. 'ஒரு முக்கோணத்தின் கோணங்களின் கூடுதல் 180 பாகை' என்பதில் அது எல்லா முக்கோணங்களையும் குறிக்கிறது. 'ஒரு பகா எண் இரட்டைப்படையானது' என்பதில் 2 என்ற ஒன்றை மட்டும் குறிக்கிறது. ஐயம் வந்த இடத்திலெல்லாம் 'ஒவ்வொரு' அல்லது 'ஏதோ ஒரு' என்று விரித்து எழுதிக்கொள்ளுங்கள். 'அல்லது' என்பதிலும் ஒரு செய்தி உண்டு: காப்பி அல்லது டீ என்று விருந்தாளியிடம் கேட்டால் இரண்டில் ஒன்றைத்தான் கொடுப்போம், கணிதத்தின் 'அல்லது' இரண்டும் சேர்ந்திருப்பதையும் ஏற்றுக்கொள்ளும்.

இனி வரிசை. 'ஒவ்வொரு பூட்டுக்கும் ஒரு சாவி உண்டு' என்பதும் 'எல்லாப் பூட்டுகளையும் திறக்கும் ஒரு சாவி உண்டு' என்பதும் ஒன்றல்ல என்பது திண்ணையில் இருப்பவருக்கும் தெரியும். 'ஒவ்வொரு எண்ணுக்கும் அதைவிடப் பெரிய எண் ஒன்று உண்டு' என்பது மெய். 'எல்லா எண்களையும்விடப் பெரிய எண் ஒன்று உண்டு' என்பது பொய். பகுப்பாய்வுப் பாடத்தில் எல்லை, தொடர்ச்சி ஆகியவற்றின் வரையறைகளைக் கண்டு மிரள்பவர்கள், அங்கே எந்தச் சாவி எந்தப் பூட்டுக்குப் பிறகு தேர்ந்தெடுக்கப்படுகிறது என்று பார்த்தாலே பாதி மிரட்சி போய்விடும்.

வெற்றுக் கணம் எல்லாக் கணங்களுக்கும் உட்கணம் என்று படிக்கும்போது ஏமாற்றுவித்தை போலத் தோன்றும். மேலே சொன்ன மறுப்பு விதியைப் பயன்படுத்துங்கள். 'என் வீட்டில் உள்ள யானைகள் எல்லாம் பறக்கும்' என்பதைப் பொய்யாக்க வேண்டுமானால், என் வீட்டுக்கு வந்து பறக்காத யானை ஒன்றைக் காட்ட வேண்டும். காட்ட முடியாது, ஆகவே கூற்று மெய். வெற்றுக் கணத்தில் இருந்து, மற்ற கணத்தில் இல்லாத உறுப்பு ஒன்றைக் காட்டுவதும் அப்படியே முடியாத காரியம்.

நான்காம் படி: நிறுவும் முன் உடைத்துப் பாருங்கள்

கூற்று கையில் கிடைத்ததும் நான்கைந்து சிறிய எண்களை இட்டுப் பார்ப்பது நல்ல பழக்கம். ஆனால் அதன் நோக்கம் கூற்றை நம்புவது அன்று, அதை உடைக்க முயல்வது. ஒரு வட்டத்தின் விளிம்பில் புள்ளிகளைக் குறித்து, ஒவ்வொரு இரண்டையும் நேர்கோட்டால் இணையுங்கள். மூன்று கோடுகள் உள்ளே ஒரே இடத்தில் வெட்டிக்கொள்ளாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு புள்ளிக்கு வட்டம் 1 துண்டு, இரண்டுக்கு 2, மூன்றுக்கு 4, நான்குக்கு 8, ஐந்துக்கு 16. ஆறுக்கு 32 என்று எழுதக் கை துடிக்கும். பொறுமையாக எண்ணினால் 31தான் வரும். நோட்டில் ஒருமுறை இதை வரைந்து எண்ணியவர் 'இப்படியே போகும்' என்ற சொற்றொடரைப் பிறகு நிரூபணத்தில் எழுதமாட்டார்.

பெரியவர்களும் இங்கே சறுக்கியிருக்கிறார்கள். 2ஐ 1, 2, 4, 8, 16 ஆகிய அடுக்குகளுக்கு உயர்த்தி 1 கூட்டினால் 3, 5, 17, 257, 65537 என்று பகா எண்களே வருவதைக் கண்ட ஃபெர்மா, அடுக்கை இப்படி இரட்டித்துக்கொண்டே போனால் எப்போதும் பகா எண்தான் வரும் என்று 1640 வாக்கில் எண்ணினார். அடுத்த எண் 4294967297. அது 641ஐயும் 6700417ஐயும் பெருக்கினால் வருவது என்று ஆய்லர் 1732இல் காட்டினார். எத்தனை எடுத்துக்காட்டுகள் பொருந்தினாலும் 'எல்லா' என்ற கூற்று நிறுவப்படுவதில்லை. பொருந்தாத ஒன்று கிடைத்தால் அது முடிந்துவிடுகிறது.

ஐந்தாம் படி: வரையறையை எழுதி, அதிலிருந்து நடத்தல்

என்ன செய்வதென்று தெரியாமல் வெற்றுத்தாளைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது செய்ய வேண்டிய முதல் வேலை, கூற்றில் உள்ள ஒவ்வொரு சொல்லின் வரையறையையும் எழுதுவதுதான். இரட்டைப்படை என்றால் 2, 4, 6, 8, 0 என்று முடிவது என நினைவில் வைத்திருப்போம். அது அடையாளம், வரையறை அன்று. ஏதோ ஒரு முழு (அதாவது முழு எண்) க இருந்து, ந = 2க என்று எழுத முடிந்தால் ந இரட்டைப்படை; ந = 2க + 1 என்று எழுத முடிந்தால் ஒற்றைப்படை. 'ஏதோ ஒரு' என்ற சொல் வரையறைக்குள்ளேயே இருப்பதைக் கவனியுங்கள்.

இதைக் கவனிக்காமல் நான் பட்டது ஒன்றைச் சொல்கிறேன். இரண்டு ஒற்றைப்படை எண்களின் கூடுதல் இரட்டைப்படை என்று நிறுவச் சொன்னார்கள். 'இரு எண்களும் 2க + 1, 2க + 1; கூட்டினால் 4க + 2 = 2(2க + 1), ஆகவே இரட்டைப்படை' என்று இரண்டே வரியில் எழுதிப் பெருமையோடு கொடுத்தேன். ஆசிரியர் இரண்டு 'க'வையும் சிவப்பு மையால் வட்டமிட்டு, பக்கத்தில் '3உம் 5உம் எங்கே?' என்று மட்டும் எழுதியிருந்தார். நான் நிறுவியது ஓர் ஒற்றைப்படை எண்ணை அதனோடேயே கூட்டும் நிலையை மட்டும்தான். முதல் எண் 2க + 1, இரண்டாவது 2ச + 1 என்று தனித்தனி எழுத்து கொடுத்திருந்தால், கூடுதல் 2(க + ச + 1) என்று வந்து நிரூபணம் நின்றிருக்கும். புதிய பொருள் வந்தால் புதிய எழுத்து.

இப்போது முழுமையான ஒன்றை எழுதுவோம். நிறுவ வேண்டியது: ந ஒரு முழு, ந² இரட்டைப்படை எனில் ந இரட்டைப்படை. நேராக முயன்றால் ந² = 2க என்பதிலிருந்து ந என்ன என்று சொல்ல வர்க்கமூலம் எடுக்க வேண்டியிருக்கும்; அது எங்கும் கொண்டுசேர்க்காது. இப்படி முட்டி நிற்கும்போது மறுத்துத் திருப்பியதை முயல வேண்டும்.

'மறுத்துத் திருப்பிய வடிவத்தை நிறுவுகிறோம்: ந இரட்டைப்படை அன்று எனில் ந² இரட்டைப்படை அன்று. ந இரட்டைப்படை அன்று என்க. ஒவ்வொரு முழுவும் இரட்டைப்படை, ஒற்றைப்படை ஆகிய இரண்டில் சரியாக ஒன்றாக இருப்பதால், ந ஒற்றைப்படை. ஆகவே ஏதோ ஒரு முழு கவுக்கு ந = 2க + 1. எனவே ந² = 4க² + 4க + 1 = 2(2க² + 2க) + 1. 2க² + 2க ஒரு முழு என்பதால் ந² ஒற்றைப்படை. ஆகவே அது இரட்டைப்படை அன்று.'

இதைக் கொண்டே √2 விகிதமுறா எண் என்று நிறுவிவிடலாம். இங்கே கையாள்வது முரண்பாட்டு முறை: நிறுவ வேண்டியதன் மறுப்பை உண்மையென்று வைத்துக்கொண்டு, அது தாங்காது என்று காட்டுவது.

'√2 விகிதமுறு எண் என்று கொள்வோம். அப்படியானால் √2 = ப/ம என்று எழுதலாம்; ப, ம முழுக்கள், ம சுழி அன்று, இரண்டுக்கும் 1ஐத் தவிரப் பொதுக் காரணி இல்லை. வர்க்கப்படுத்தினால் ப² = 2ம². ஆகவே ப² இரட்டைப்படை. மேலே நிறுவியபடி ப இரட்டைப்படை. ப = 2க என்க. அப்போது 4க² = 2ம², அதாவது ம² = 2க². ஆகவே ம²உம், அதனால் மவும் இரட்டைப்படை. ப, ம இரண்டுக்கும் 2 பொதுக் காரணியாகிறது. இது நாம் கொண்டதற்கு முரண். ஆகவே √2 விகிதமுறா எண்.'

முரண்பாட்டு முறையில், தவறான அனுமானத்துக்குள் இருக்கும்போது கிடைத்தவற்றை வெளியே எடுத்துச் செல்லக்கூடாது. பகா எண்களுக்கு முடிவில்லை என்ற யூக்ளிடின் வாதத்தைப் பலரும் இங்கேதான் பிசகிப் படிக்கிறார்கள். பகா எண்களைப் பெருக்கி 1 கூட்டினால் புதிய பகா எண் கிடைக்கும் என்று அது சொல்லவில்லை. 2, 3, 5, 7, 11, 13 ஆகியவற்றைப் பெருக்கி 1 கூட்டினால் 30031. அது 59ஐயும் 509ஐயும் பெருக்கினால் வருவது. பட்டியலில் இல்லாத ஒரு பகா எண் அதை வகுக்கும் என்பதுதான் வாதம்.

முதல் எண்ணுக்குக் காட்டிவிட்டு, ஓர் எண்ணுக்கு மெய் எனில் அடுத்ததற்கும் மெய் என்று காட்டி எல்லாவற்றுக்கும் நிறுவும் தொகுத்தறிதலைப் பற்றி இங்கே ஓர் எச்சரிக்கை மட்டும். 'எந்தத் தொழுவத்திலும் மாடுகள் எல்லாம் ஒரே நிறம்' என்று நிறுவுவதாகச் சொல்பவர், ஒரு மாட்டுக்கு இது சரி என்பார். பிறகு இருக்கும் மாடுகளில் முதல் மாட்டை விலக்கினால் மிச்சம் ஒரே நிறம், கடைசி மாட்டை விலக்கினால் மிச்சம் ஒரே நிறம், நடுவில் உள்ளவை இரண்டிலும் இருப்பதால் எல்லாம் ஒரே நிறம் என்பார். இரண்டு மாடுகள் மட்டும் நிற்கும்போது அந்த 'நடுவில் உள்ளவை' எங்கே என்று கேளுங்கள். ஒன்றிலிருந்து இரண்டுக்குப் போகும் படிதான் உடைந்திருக்கிறது.

ஆறாம் படி: பின்னோக்கி யோசித்து, முன்னோக்கி எழுதுதல்

நிறுவ வேண்டியதையே முதல் வரியாக எழுதி, அதைச் சுருக்கிச் சுருக்கி '1 = 1' என்று முடித்துவிட்டு நிறுவிவிட்டதாக நினைப்பது மிகப் பரவலான பிழை. −1 = 1 என்று தொடங்கி இருபுறமும் வர்க்கப்படுத்தினாலும் 1 = 1 வரும். பொய்யிலிருந்தும் மெய்க்கு வந்து சேரலாம். வந்து சேர்ந்ததால் புறப்பட்ட இடம் மெய்யாகிவிடாது. அ, ஆ என்ற மெய்யெண்கள் இரண்டுக்கும் (அ + ஆ)² ≥ 4அஆ என்று நிறுவ வேண்டுமானால், ஓரத்தாளில் அதிலிருந்து பின்னோக்கிப் போய் (அ − ஆ)² ≥ 0 என்ற இடத்தைக் கண்டுபிடிக்கலாம், அதில் தவறில்லை. விடைத்தாளில் மட்டும் (அ − ஆ)² ≥ 0 என்று தொடங்கி, இருபுறமும் 4அஆவைக் கூட்டி, கேட்டதில் முடிக்க வேண்டும். ஓரத்தாளைத் தனியாக வைத்துக்கொள்வதற்கு நான் சொல்லும் காரணம் இதுதான்.

எழுதி முடித்த நிரூபணத்தைச் சோதிக்கவும் ஒரு வழி உண்டு. கூற்றைச் சற்று மாற்றிப் பொய்யாக்கிவிட்டு, அதே வாதத்தை அதன்மேல் ஓட்டிப் பாருங்கள். வாதம் ஓரிடத்தில் நின்றாக வேண்டும். √2க்கு எழுதியதை √3க்கு எழுதுங்கள். ந² மூன்றால் வகுபடும் எனில் ந மூன்றால் வகுபடும் என்பதை முதலில் நிறுவ வேண்டியிருக்கும், மூன்றால் வகுபடாத எண்கள் 3க + 1, 3க + 2 என்று இரண்டு வகை என்பதால் வேலை சற்றுக் கூடும். பிறகு அதையே √4க்கு எழுதிப் பாருங்கள். √4 என்பது 2, ஆகவே வாதம் எங்கோ உடைய வேண்டும். ந² நான்கால் வகுபடும் எனில் ந நான்கால் வகுபடும் என்று எழுத வரும் இடத்தில் ந = 2 என்று இட்டுப் பாருங்கள்.